லாரியாத்தா

மழைக்கு எங்கள் ஊர் வழி மறந்துபோய் மூன்றாம் வருசம் நடந்தபோது, மாசி மாதத்து ஒரு காலையில், என் வாசலில் நின்ற லாரியின் ரேடியேட்டர் ஒழுக ஆரம்பித்தது; ஆரம்பித்தது நிற்கவில்லை. எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். கேட்க வேண்டியவர்கள் எல்லாம் கேட்டாயிற்று. எனக்குத் தெரியாது. தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

கரட்டுப்புதூர் லாரி ஊர். ஏர் பிடித்துப் பார்த்து, கிணறு வெட்டிப் பார்த்து, கிணற்றுக்குள் போர் போட்டும் பார்த்து, பாறைப் புழுதியைத் தவிர ஒன்றும் மேலே வராது என்று தெரிந்த பிறகு எங்கள் அப்பன்மார் காட்டை விற்று ஸ்டியரிங்கைப் பிடித்தார்கள். அன்றிலிருந்து இந்த ஊரில் ஆண்பிள்ளை என்றால் ஒன்று டிரைவர், அல்லது டிரைவராக இருந்து முதுகு தேய்ந்து உட்கார்ந்தவன், அல்லது டிரைவராகப் போகிறவன், வேறு வகை கிடையாது. நான் இரண்டாம் வகைக்கும் முதல் வகைக்கும் நடுவில் நின்றேன். பேர் அர்த்தநாரி. வீட்டுக்காரி போய்ச் சேர்ந்து நாளாயிற்று. ஒரே மகன் பூபதி. ஒரே வண்டி. அது ஓடினால் வீட்டில் உலை கொதிக்கும், ஓடாவிட்டால் கொதிக்காது. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

நான் வாங்கும்போதே செகண்ட் வண்டி. அதில் சிமெண்ட் ஏற்றினேன், மாட்டுத்தீவனம் ஏற்றினேன், கல்யாண ஜனம் ஏற்றினேன், செத்தவர்களையும் ஏற்றினேன். கிளட்ச் வழுக்கும். மூன்றாம் கியர் தானாக விழும். கேபின் தரையில் இருந்த ஓட்டை வழியாக ரோடு ஓடுவதைப் பார்த்துக்கொண்டே ஓட்டலாம். பங்குனி முடிவதற்குள் ஆர்டிஓ ஆபீசில் காட்டி எப்சி என்கிற தகுதிச் சான்று வாங்க வேண்டும், அது இல்லாமல் ரோட்டில் இறக்கக்கூடாது. இந்த நிலையில் அதை எவன் பார்த்தாலும் முத்திரை குத்த மாட்டான், முகத்தில்தான் குத்துவான். ஆகவே ரிப்பேர் பார்ப்பதா, மாற்றுவதா என்று பொங்கலிலிருந்து அப்பனும் மகனும் சண்டை.

"இதுக்குப் பண்ற செலவுல செகண்ட்ல நல்ல வண்டிக்கு முன்பணம் கட்டீறலாம்ப்பா" என்பான் பூபதி.

"கட்டீட்டு?"

"ஓட்டோணும்."

"நீ ரெண்டு மாசம் ஓட்டுவே. மூணாம் மாசம் பைனான்ஸ்காரன் ஓட்டீட்டுப் போவான்."

அமான் பாயைக் கூப்பிட்டோம். இந்த வட்டாரத்தில் எந்த லாரிக்கு அடியில் இரண்டு கால் நீட்டிக்கொண்டிருந்தாலும் அது அமான் பாய்தான். முகத்தை விடக் காலைத்தான் ஊருக்கு நன்றாகத் தெரியும். அரை நாள் அடியில் கிடந்துவிட்டு வெளியே வந்தார்.

"எஞ்சின் நல்ல எஞ்சின் அண்ணே. மத்ததுதான் போச்சு."

"மத்ததுன்னா?"

"எஞ்சின் தவிர எல்லாம்."

பூபதி சிரித்தான். எனக்கு எரிந்தது. நாளைக்குக் காலையில் சொல்கிறேன் என்றேன். மறுநாள் காலையில்தான் ஒழுகியது.

ரேடியேட்டர் பிடிப்பது இரண்டு குடம். முதலில் ஒரு வாளியை வைத்தேன். நிறைந்தது. இன்னொன்று வைத்தேன். நிறைந்தது. டீயைக் குடித்துவிட்டு வந்து பார்த்தால் அண்டா நிறைந்து வாசலில் வாய்க்கால் ஓடுகிறது, ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கழுத்துவரை தண்ணீர் தளும்பி நிற்கிறது, சுட்டுவிரலை விட்டால் சில்லென்று இருக்கிறது. எதிர்வீட்டுப் பாவாயி கேள்வி கேட்பதற்கு முன்னால் குடத்தை வைத்தாள். தறி ஓட்டுகிறவள், வாய் தறியை விட வேகம்.

"மாமா, லாரிக்குச் சர்க்கரை வந்துருச்சுங்களா? நிக்காமப் போகுது."

"குடத்தை எடு. அது வண்டித் தண்ணி."

அவள் ஒரு கை அள்ளிக் குடித்தாள். இன்னொரு கை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள்.

"காவேரி மாதிரி இருக்குதுங் மாமா" என்றாள்.

டேங்கர் தண்ணீரை ஆறு நாளைக்கு ஒருமுறை பிடித்து, அதில் முதல் நாள் குடித்து, இரண்டாம் நாள் சமைத்து, மூன்றாம் நாள் குளிப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டே குளிக்காமல் இருந்த ஊர் அது. மத்தியானத்துக்குள் என் வாசலிலிருந்து மாரியம்மன் கோயில் வரைக்கும் குடம் வரிசை. ஆள் நிற்க முடியாதவர்கள் குடத்தை வைத்தார்கள், குடம் இல்லாதவர்கள் செங்கல்லை வைத்தார்கள், செங்கல்லில் கரியால் பேர் எழுதினார்கள், ஒருத்தி செங்கல்லை இன்னொருத்தி நகர்த்திவிட்டாள் என்று மயிரைப் பிடித்துச் சண்டை நடந்தது. இரண்டாம் நாள் பார்த்தால் எல்லாம் வழக்கமாகிவிட்டது. ஒரு லாரியிலிருந்து காவேரி வருவதை எங்கள் ஊர் ஒரே நாளில் பழகிக்கொண்டது. செங்கல் சண்டை மட்டும் கடைசிவரை பழகவில்லை.

அமான் பாய் ஈயமும் பத்தவைக்கும் கட்டையுமாக வந்தார். நான்தான் வரச்சொன்னேன். ஒழுகல் அடைத்தால்தான் வண்டி நகரும், நகர்ந்தால்தான் மற்ற வேலை. வண்டி மூக்கைத் திறக்கக்கூட அவரை விடவில்லை. பெண்கள் சுற்றி நின்றார்கள்.

"பாய், ரேடியேட்டர்ல கை வெச்சீங்க, கை இருக்காது" என்றாள் பாவாயி.

"அம்மிணி, இது அண்ணன் வண்டி."

"வண்டி அவருது. தண்ணி யாருது?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. கேட்க ஆள் இல்லை.

சரி, ரிப்பேர் வேண்டாம், மாற்றிவிடுவோம் என்று வாழ்க்கையில் முதல்முறையாக மகன் பேச்சைக் கேட்டேன். எக்ஸ்சேஞ்சுக்கு வண்டி எடுக்கும் ஆள் நாமக்கல்லிலிருந்து வந்தான். வண்டியைச் சுற்றி வந்து டயரைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே தலைவர் வையாபுரி வந்துவிட்டார். பஞ்சாயத்துத் தலைவர், எனக்கு மருமகன் முறை, ஊரில் மூன்று தண்ணீர் டேங்கர் அவருடையது. வெள்ளை வேட்டி, செண்ட் வாசம்.

"மாமா, ஊரே குடிக்குது. விக்கறேங்கறீங்க?"

"என்ற வண்டி."

"யார் இல்லைன்னா? உங்க வண்டிதான். எங்கயும் போகாது, அவ்வளவுதான்."

அன்று சாயங்காலமே சக்கரங்களைக் கழற்றி அச்சுக்குக் கீழே கருங்கல் அடுக்கினார்கள். கழற்றியவர்கள் எல்லாம் என்னோடு கர்நூல் தாண்டி ஓட்டியவர்கள். ஒருவன் நட்டைத் திருகிக்கொண்டே, "தப்பா நினைச்சுக்காதீங்கண்ணா, வீட்ல சின்னக் குழந்தை" என்றான். நான் ஒன்றும் நினைக்கவில்லை. நினைத்து என்ன.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் படிப்படியாக, யாரும் தீர்மானிக்காமல் நடந்தது. யாரோ ஒருத்தி வரிசையில் காத்திருக்கும்போது முன்விளக்குக்குக் குங்குமம் வைத்தாள், மறுநாள் இன்னொருத்தி வைப்பரில் பூச்சரத்தைச் சுற்றினாள், வெள்ளிக்கிழமை ஒருத்தி பானெட்டுக்குச் சேலை கட்டினாள், கட்டியதும் அது பொம்பளையாகிவிட்டது, பொம்பளையானதும் ஆத்தா ஆகிவிட்டது, லாரியாத்தா என்று பேர் வந்தது, பேர் வந்ததும் தகரக் கொட்டகை வந்தது, கொட்டகை வந்ததும் உண்டியல் வந்தது. பெண் கேட்டு வராத ஊருக்குப் பெண் கேட்டு வந்தார்கள், தண்ணீர் இருக்கிற ஊர் என்று பெண் கொடுக்கவும் வந்தார்கள். வேறு ஊருக்குப் பிழைக்கப் போனவர்கள் திரும்பி வந்து பூட்டைத் திறந்தார்கள். பிறந்த பிள்ளையை முதல் குளியலுக்கு ரேடியேட்டருக்குக் கீழே காட்டினார்கள். பக்கத்து ஊர்க்காரன் எவனாவது "லாரியா? தண்ணியா?" என்று வாயைப் பிளந்தால், எங்கள் ஆட்கள் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

காலனிக் குடங்களுக்குச் சாயங்காலம்தான் முறை. யார் சொன்னது என்று தெரியாது, யாரும் சொன்னதாகவே தெரியவில்லை, ஆனால் முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. தண்ணீர் ரேடியேட்டரிலிருந்து வந்தது. வரிசை ஊரிலிருந்து வந்தது.

மத்தியானம் நடை சாத்துவார்கள். ஆத்தா படுத்திருக்கிறாள் என்று கொட்டகைக்கு முன்னால் திரையை இழுத்துவிடுவார்கள், திறப்பதற்கு வெயில் தாழ வேண்டும். அந்த நேரத்தில் பின்பக்கம் என் புழக்கடை வழியாக ஓஸ் பைப் போகும். வையாபுரியின் டேங்கர்கள் ஒன்றன் பின் ஒன்றாக நிரம்பிச் சாயப்பட்டறைகளுக்குப் போகும். ஊருக்கு இது தெரியும். காலையில் தங்கள் குடம் நிறைந்ததால் மத்தியானம் ஊர் தூங்கியது.

நான் என்ன செய்தேன் என்றால், வரிசையில் நின்றேன். என் வாசல், என் வண்டி, என் கையில் ஒரு குடம். முந்திக்கொண்டு போகப் பார்த்தால் பாவாயி விடமாட்டாள். "மாமா, ஆத்தா முன்னால ஓனர், கிளீனர் எல்லாம் ஒண்ணுதான், பின்னால போய் நில்லுங்க" என்பாள், ஊரே சிரிக்கும். பங்குனி வந்தது, எப்சி தேதி போயிற்று. வண்டிக்கு என்று வைத்திருந்ததை உட்கார்ந்து தின்றோம். தீர்ந்ததும் பூபதி ஒரு நாள் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு நின்றான்.

"தலைவர் டேங்கருக்கு டிரைவர் கேட்டாருங்ப்பா."

"எந்த டேங்கர்?"

"நம்ம புழக்கடைக்கு வர்றதுதான்."

நான் குடத்தைக் கையில் எடுத்தேன்.

"நம்ம தண்ணிதானேப்பா. நாமளே ஓட்டினா என்ன?"

என் வண்டியிலிருந்து எடுத்த தண்ணீரை, என் வீட்டுப் பின்னால் நிறுத்தி, என் மகன் ஏற்றிக்கொண்டு போவதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நன்றாகத்தான் ஓட்டினான். ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு தடவைகூடச் சுவரை உரசவில்லை.

இப்படி ஒரு வருசம்.

மறு மாசி வந்தது. ஆத்தாவுக்கு முதல் வருசத் திருவிழா எடுப்பது என்று தீர்மானம். பூச்சாட்டி, கம்பம் நட்டு, தீர்த்தக்குடம் எடுத்து, கிடாய் வெட்டி, எல்லாம் மாரியம்மனுக்குச் செய்கிற மாதிரியே செய்தார்கள்; மாரியம்மன் கோயில் அந்த வருசம் விளக்கில்லாமல் கிடந்தது. கடைசி நாள் மஞ்சள் நீராட்டு. எங்கள் பக்கம் திருவிழா முடிகிற அன்று முறைப்பெண்ணும் முறைமாப்பிள்ளையும் மஞ்சள் தண்ணீரை ஒருவர் மேல் ஒருவர் ஊற்றுவது வழக்கம், அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டு வெளியே வருகிறவன் முட்டாள். அண்டாவில் மஞ்சள் கரைத்து ஊற்றுவதுதான் எங்கும் நடப்பது. வையாபுரிக்கு அது போதவில்லை. ஆத்தாவே மஞ்சள் தண்ணீர் கொடுக்க வேண்டும், அவள் வாயிலிருந்தே மஞ்சளாக வரவேண்டும், சுற்றுப்பட்ட ஊரெல்லாம் வந்து பார்க்க வேண்டும். ஈரோட்டிலிருந்து மஞ்சள்தூள் மூட்டையாக வந்து இறங்கியது.

மேளம் அடிக்கிறார்கள், பெண்கள் குலவையிடுகிறார்கள், இரண்டு பேர் பம்பர் மேல் ஏறி ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டார்கள், மூட்டைத் தையலைப் பிரிக்கிறார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போனேன்.

"வையாபுரி, மஞ்சளை உள்ள கொட்டாதே."

"ஏனுங் மாமா?"

"அடைச்சுக்கும்."

சொல்லிவிடுகிறேன், லாரி ஓட்டாதவர்களுக்குத் தெரியாது. ரோட்டில் போகும்போது ரேடியேட்டரில் பொத்தல் விழுந்து ஒழுகினால், பட்டறை பக்கத்தில் இல்லையென்றால், வழியில் ஒரு மளிகைக் கடையில் மஞ்சள்தூள் வாங்கி உள்ளே கொட்டி வண்டியை ஓட்டுவோம். சூட்டில் அது ஊறி, பொத்தலைத் தேடிப்போய் உட்கார்ந்து, இறுகிக்கொள்ளும். ஒரு பிடி போட்டால் ஊர் வந்து சேரலாம். இது பெரிய ரகசியம் இல்லை. அங்கே பம்பர் மேல் நின்ற இரண்டு பேருக்கும் தெரியும், மேளம் அடித்தவனுக்குத் தெரியும், தொப்பூர்க் கணவாயில் ஒழுகி நின்று என்னிடமே மஞ்சள் கடன் வாங்கியவன் அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் நின்றான். நான் அவனைப் பார்த்தேன். அவன் ஆத்தாவைப் பார்த்தான்.

வையாபுரி சிரித்தார். "லாரிக்குத்தான் மாமா அடைக்கும். இது ஆத்தா."

கூட்டம் சிரித்தது. பாவாயி, "பொறாமைங்க மாமாவுக்கு, தன்ற மேல யாரும் மஞ்சத்தண்ணி ஊத்தலைன்னு" என்றாள், இன்னும் சிரித்தார்கள். அமான் பாய் ஓரத்தில் நின்றார். உதட்டைப் பிதுக்கினார். நான் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். ஒரு தடவை சொல்வேன். இரண்டாம் தடவை சொல்லிப் பழக்கமில்லை.

கொட்டினார்கள். முதலில் வெளிர் மஞ்சளாக வந்தது, பிறகு சாமந்திப் பூ மஞ்சளாக வந்தது, பிறகு சந்தனக் குழம்பாக வந்தது, ஊர் பைத்தியம் பிடித்து ஆடியது, கிழவர்கள் கிழவிகள் மேல் ஊற்றினார்கள், போலீஸ்காரன் மேல் ஊற்றினார்கள், தெருநாய் மஞ்சளாக ஓடியது, காலனிக்காரர்கள்கூட அன்றைக்குப் பகலில் நனைந்தார்கள். வெயில் உச்சிக்கு வந்தது. தகரம் காய்ந்தது, ரேடியேட்டர் சூடேறியது. ஊற்று கைத்தடிமனாக இருந்தது விரல்தடிமன் ஆயிற்று. விரல் நூலாயிற்று. நூல் அறுந்து சொட்டாயிற்று. ஒரு சொட்டுக்கும் இன்னொரு சொட்டுக்கும் நடுவில் மேளம் நின்றது.

அப்புறம் சொட்டும் இல்லை.

உடம்பெல்லாம் மஞ்சள் காய்ந்து வெடிக்க, எல்லோரும் ரேடியேட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்புறம் ஒவ்வொரு தலையாக என் பக்கம் திரும்பியது.

"கருநாக்கு" என்றாள் பாவாயி. அப்போது அவள் சிரிக்கவில்லை. "அடைச்சுக்கும் அடைச்சுக்கும்னீங்க. அடைச்சுருச்சு. இப்பத் திருப்திங்களா?"

மஞ்சள் கொட்டியது அவர்கள். அடைத்தது என் நாக்கு. ஊர் அப்படித்தான் எடுத்துக்கொண்டது, இன்றுவரை அப்படித்தான்.

ஒரு வாரம் என்னென்னவோ செய்தார்கள். சுடுதண்ணீர் ஊற்றினார்கள், பால் ஊற்றினார்கள், சோடா உப்புப் போட்டார்கள், அழுதார்கள். எல்லாம் தளும்பித் தளும்பி மேல்வாயால் வந்ததே தவிரக் கீழே இறங்கவில்லை. பஞ்சாயத்தைக் கூட்டினார்கள். என்னைக் கூப்பிடவில்லை. வாசல் என்னுடையதானதால் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டேன். ரிப்பேர் பார்ப்பதா, மாற்றுவதா என்று பேசினார்கள்.

"பாய், ஒரு துளை போடுங்க" என்றார் வையாபுரி.

அமான் பாய் கையைக் கட்டிக்கொண்டார். "கை வெச்சா கை இருக்காதுன்னீங்க. எனக்கு ரெண்டு கைதான் இருக்குது."

"அது அப்ப. இது லாரிதானே. இப்ப நீங்க ரிப்பேர்தான் பண்றீங்க."

"லாரிங்களா? மஞ்சள் கொட்டறப்ப ஆத்தான்னுதானே சொன்னீங்க. ஆத்தா மேல துளை போட நான் யாரு? நீங்க போடுங்க, நான் ஆணி தர்றேன்."

ஆணியை நீட்டினார். வையாபுரி வாங்கவில்லை. அவர் பக்கத்து ஆளைப் பார்த்தார், அவன் அடுத்தவனைப் பார்த்தான். கிடாய் வெட்டிய கைகள்தான் எல்லாம். ஒருவனும் அந்த ஆணியைத் தொடவில்லை. சேலை கட்டிய இடத்தில் எவன் குத்துவான்.

ஆகவே மாற்றினார்கள். வையாபுரி, வண்டிகளை உடைத்து விற்கும் உடைப்புக் கடையிலிருந்து வேறொரு பழைய லாரியைக் கட்டி இழுத்து வந்து, ஊர் எல்லையில், மெயின் ரோட்டோரம், தன் சொந்தக் காட்டில் நிறுத்தினார். அதற்குச் சேலை கட்டினார்கள், கொட்டகையைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள், உண்டியல் முதலில் போயிற்று. அதன் ரேடியேட்டரில் டேங்கர் தண்ணீரை ஓஸ் வைத்து ஊற்றினால் கீழே ஒழுகியது, நன்றாகவே ஒழுகியது. வீட்டுக்கு ஒரு குடம். டேங்கர் குறைவாக வந்த நாளில் அரைக் குடம். இது டேங்கர் தண்ணீர் என்று எல்லோருக்கும் தெரியும். குடத்தை வைக்கும்போது கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். காலனிக்கு இப்போதும் சாயங்காலம்தான்.

வையாபுரி வந்தார். "எடுத்துக்குங்க மாமா உங்க வண்டிய. இனி உங்க இஷ்டம்."

அதற்காக ஒரு வருசம் காத்திருந்தேன். இப்போது கையில் கொடுத்தபோது வாங்கிக்கொள்ளக் கை வரவில்லை. அமான் பாய்தான் சக்கரத்தை மாட்டினார், பாட்டரி கொண்டுவந்து வைத்தார், எண்ணெய்த் துணியால் பானெட்டில் இருந்த குங்குமத்தைத் துடைக்கப் பார்த்தார், போகவில்லை. ஒரு வருசம் கல்லில் நின்ற எஞ்சின் இரண்டாம் சுற்றிலேயே பிடித்தது. அவர்கள் ஊற்றியதெல்லாம் வற்றிப்போய் மேலே காலியாக இருந்தது; கேன் தண்ணீர் இரண்டு வாங்கி ரேடியேட்டரில் ஊற்றினேன். குனிந்து பார்த்தேன். தரை காய்ந்து கிடந்தது.

"அண்ணே, பக்தியா அடைச்சிருக்காங்க" என்றார் பாய். "பட்டறையில இப்படி அடைக்க முடியாது. கிளட்சும் கியரும் மட்டும் பாருங்க, இன்னும் பத்து வருசம் ஓடும்."

பூபதி கேபினில் ஏறி உட்கார்ந்தான். ஆக்சிலேட்டரை மிதித்துச் சத்தம் கேட்டான். மாற்று மாற்று என்று என் உயிரை எடுத்தவன் சொன்னான்: "நல்லா இருக்குதுங்ப்பா. ரிப்பேர் பண்ணி வெச்சுக்கலாம். அந்தாளு டேங்கரை விட்டுட்டு வந்தர்றேன்."

"வேண்டாம்."

"ஏன்?"

"வேண்டாம்னா வேண்டாம். உடைக்கப் போடறேன். வர்றதை வெச்சு உனக்குப் பிடிச்ச வண்டி பாரு."

அவனுக்குப் புரியவில்லை. எனக்கும் முழுசாகச் சொல்லத் தெரியாது. ஓடாத வண்டியை வைத்துக்கொள்ளச் சண்டை போட்டவன், ஓடுகிற வண்டியை உடைக்கப் போகிறேன். அதைப் பார்க்கும் போதெல்லாம் கர்நூல் தாண்டி என்னோடு ஓட்டியவன் நட்டைத் திருகியதுதான் தெரிந்தது. போதும்.

மறுநாள் காலையில் கிளம்பினோம். பைபாஸில் உடைப்புக் கடை. பூபதி பக்கத்தில் உட்கார்ந்தான். ஊர் எல்லையில் புது ஆத்தாவுக்கு முன்னால் குடம் வரிசை நீண்டு கிடந்தது. ஆத்தாவுக்கு என்று விட்ட டேங்கர் வரவில்லை. டிரைவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் எப்படி வரும். பாவாயி ரோட்டோரம் வந்து கையைக் காட்டினாள். நிறுத்தியிருக்கக்கூடாது. கால் பழக்கம்.

பிரேக் போட்டதும் கேட்டது. முன்னால், மூக்குக்குள்ளிருந்து, பெரிய தண்ணீர் ஒன்று கரையில் மோதித் திரும்புகிற சத்தம். நான் ஊற்றியது இரண்டு கேன். கேட்டது ஏரி.

பூபதி என்னைப் பார்த்தான். பாவாயிக்கும் கேட்டுவிட்டது. இடுப்பில் குடத்தோடு வந்து கிரில்லின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"மாமா, உள்ள இருக்குதுங்களே."

"எஞ்சின் சூடு. தள்ளி நில்லு."

"சூடு இல்லீங் மாமா. சில்லுனு இருக்குது." முகத்தைக் கிரில் பக்கம் கொண்டுபோனாள். "நெறைய இருக்குதுங் மாமா."

வரிசையில் நின்றவர்கள் இன்னும் திரும்பவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் மெதுவாகப் பேசினாள், பாவாயி மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

"நான் அன்னிக்கு அப்படிச் சொன்னது தப்புத்தான். ஒரே ஒரு குத்துக் குத்துங்க மாமா. உங்க வண்டி, நீங்க குத்தினா யாரு கேப்பா?"

"அப்பா" என்றான் பூபதி. "கடப்பாரை சீட்டுக்கடியில இருக்குது."

தெரியும். நான்தான் வைத்தேன். குத்தினால் வரும் என்று தெரியும். வந்தால் மத்தியானத்துக்குள் அச்சுக்குக் கீழே கல் வரும், சேலை வரும், திரை வரும், ஓஸ் வரும், நான் குடத்தோடு பின்னால் போய் நிற்க வேண்டும் என்றும் தெரியும். குத்தாவிட்டால் அவள் வெறுங்குடத்தோடு வீட்டுக்குப் போவாள். அதுவும் தெரிந்ததுதான்.

"கையை எடு" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். எடுத்தாள்.

கியரைப் போட்டேன். கண்ணாடியில் பார்த்தபோது, ரோட்டோரம் நின்றபடியே, கிரில்லைத் தொட்ட கையை நெற்றியிலும் கன்னத்திலும் கழுத்திலும் வைத்து வைத்து ஒற்றிக்கொண்டிருந்தாள். குளிர்ச்சி இன்னும் கொஞ்சம் ஒட்டியிருக்கும்போல.

பூபதி பைபாஸ் வரைக்கும் தன் பக்கத்துக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தான். வண்டி நன்றாக ஓடியது.